வெள்ளைக் கல்நாருக்கு யார் கொடுத்த நற்சான்று?

ஆஸ்பெஸ்டாஸ் கூரையைப் பற்றி யாராவது வாயைத் திறந்தால் போதும், தயாராக ஒரு பதில் வந்து விழும். "நீங்க சொல்றது நீலக் கல்நார், பழுப்புக் கல்நார். அதையெல்லாம் எப்பவோ நிறுத்தியாச்சு. இப்ப ஷீட்ல போடறது வெள்ளைக் கல்நார். அது வேற ரகம். முறையாக் கையாண்டா ஒண்ணும் பண்ணாது." ஹார்டுவேர் கடைக்காரர் இதைச் சொல்கிறார். கட்டடப் பொறியாளர் சொல்கிறார். உற்பத்தியாளர் சங்கங்கள் சொல்கின்றன. சர்வதேச மாநாடுகளில் இந்தியத் தரப்பு பல முறை எடுத்த நிலையும் இதிலிருந்து அதிகம் விலகியதல்ல. இத்தனை வாய்கள் சொல்வதால் இது ஏதோ ஆய்வுக்கூடத்தில் முடிவாகிவிட்ட சங்கதிபோல ஆகிவிட்டது.

முடிவான சங்கதி ஒன்று உண்டுதான். ஆனால் அது இதற்கு நேர் எதிரானது.

வெள்ளைக் கல்நாரின் அறிவியல் பெயர் கிரைசோடைல். உலக சுகாதார அமைப்பின் கீழ் இயங்கும் புற்றுநோய் ஆய்வு முகமை, கல்நாரின் எல்லா வகைகளையும் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவை என்று 1977-லேயே சொல்லிவிட்டது. 2009-இல் சான்றுகளை மறுபடியும் எடுத்துப் பார்த்து, 2012-இல் வெளியிட்ட தொகுதியிலும் அதையே உறுதிசெய்தது. நுரையீரல், குரல்வளை, சூலகம் ஆகியவற்றின் புற்றுநோய்களும், நுரையீரலைச் சுற்றியுள்ள உறையில் வரும் மீசோதீலியோமாவும் அந்தக் கணக்கில் வருகின்றன. நீலம், பழுப்பு, வெள்ளை எல்லாம் ஒரே தொகுதி, முதல் தொகுதி. வேதிப்பொருள்களின் அபாயங்களை உலகம் முழுவதும் ஒரே மாதிரி வகைப்படுத்த ஐநா உருவாக்கிய முறையைப் பின்பற்றும் ஐரோப்பிய ஒன்றியத்தின் சட்டமும் கிரைசோடைலை 1ஏ வகைப் புற்றுநோய்ப் பொருளாகத்தான் வைத்திருக்கிறது. 1ஏ என்றால் விலங்குச் சோதனையை வைத்து ஊகித்தது அல்ல, மனிதர்களே நோயுற்று இறந்த சான்று இருக்கிறது என்று பொருள்.

அப்படியானால் "வேற ரகம்" என்ற பேச்சு எங்கிருந்து வந்தது? அதில் அரை உண்மை இருக்கிறது. அதை ஒளிக்க வேண்டியதில்லை. கிரைசோடைல் பாம்புக்கல் என்னும் கனிமக் குடும்பத்தைச் சேர்ந்தது. இதன் இழை சுருண்டு வளைந்திருக்கும். நீலமும் பழுப்பும் ஆம்ஃபிபோல் குடும்பம். அவற்றின் இழை ஊசிபோல நேராக, விறைப்பாக இருக்கும். சுருண்ட இழையை நுரையீரல் சற்று விரைவாகக் கரைத்து வெளியேற்றுகிறது. பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் ஹாட்ஜ்சனும் டார்ன்டனும் 2000-ஆம் ஆண்டில் பல நாட்டுத் தொழிலாளர் ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, மீசோதீலியோமாவை உண்டாக்கும் வீரியத்தில் வெள்ளைக்கு 1 என்றால் பழுப்புக்கு 100, நீலத்துக்கு 500 என்ற விகிதத்தில் கணக்கு வந்தது.

இந்த எண்களைத் தொழில்துறை விளக்குப் போட்டுக் காட்டுகிறது. அதே ஆய்வில், நுரையீரல் புற்றுநோயைப் பொறுத்தவரை இடைவெளி வெகுவாகக் குறுகிவிடுகிறது என்ற பகுதியை மட்டும் ஏனோ இருட்டிலேயே விட்டுவிடுகிறது. அமெரிக்காவில் தென் கரோலினா மாநிலத்தின் சார்ல்ஸ்டன் நகரில் கல்நார் நூற்று நெய்யும் ஆலை ஒன்று இருந்தது. அங்கே பயன்பட்டது அநேகமாக முழுவதும் கிரைசோடைல். பல பதிற்றாண்டுகள் அந்தத் தொழிலாளரைப் பின்தொடர்ந்து எழுதிய ஆய்வுகளில், தூசு கூடக்கூட நுரையீரல் புற்றுநோய் மரணம் செங்குத்தாக ஏறுகிறது. சுருண்ட இழை அந்த ஆட்களுக்கு எந்தச் சலுகையும் காட்டவில்லை.

இன்னொன்று. இருபதாம் நூற்றாண்டில் உலகம் தோண்டிப் பயன்படுத்திய கல்நாரில் ஏறத்தாழ 95 சதவீதம் வெள்ளைதான். ஒரு இழைக்கு இவ்வளவு வீரியம் என்ற கணக்கை மட்டும் சொல்லி, எத்தனை இழை என்ற கணக்கை விழுங்கிவிடுவது நேர்மையான விவாதமல்ல. நல்ல பாம்பைவிடக் கட்டுவிரியன் கொடியது என்று நிரூபித்துவிட்டால் நல்ல பாம்பை வீட்டுக்குள் விட்டுக்கொள்ளலாம் என்று ஆகாது.

ரஷ்யாவில் அஸ்பெஸ்ட் என்ற பெயரிலேயே ஒரு நகரம் இருக்கிறது. உலகின் மிகப் பெரிய கிரைசோடைல் சுரங்கங்களில் ஒன்று அங்கேதான். அந்தச் சுரங்கத்திலும் ஆலையிலும் வேலைபார்த்த 30 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் பதிவுகளை வைத்து, மேலே சொன்ன புற்றுநோய் ஆய்வு முகமையும் ரஷ்ய ஆய்வாளர்களும் சேர்ந்து ஓர் ஆய்வு நடத்தினார்கள். "அது வரட்டும், வெள்ளையின் நிரபராதித்தனம் தெரியும்" என்று கல்நார் வட்டாரம் ஆண்டுக்கணக்கில் காத்திருந்தது. முதன்மை முடிவுகள் 2024-இல் வந்தன. தூசு கூடினால் நுரையீரல் புற்றுநோய் மரணம் கூடுகிறது, மீசோதீலியோமாவும் கூடுகிறது என்பதுதான் முடிவு. அதற்குப் பிறகு அந்த ஆய்வைப் பற்றிய பேச்சு அந்த வட்டாரத்தில் குறைந்துபோனது வியப்பல்ல.

அடுத்த தற்காப்பு, நம் ஊர்ப் பழமொழியின் தோளில் ஏறி வருகிறது: அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு. மதுவும் பதப்படுத்திய இறைச்சியும்கூட அதே முதல் தொகுதியில்தானே இருக்கின்றன, அதற்காகத் தடை செய்துவிட்டோமா என்று கேட்கிறார்கள். கேள்வி நியாயமானது. அந்தத் தொகுதிப் பிரிவு வீரியத்தைச் சொல்வதில்லை, சான்றின் உறுதியைச் சொல்கிறது. ஒரு பொருள் புற்றுநோயை உண்டாக்குமா என்பதற்கு அது விடை. எவ்வளவு உள்ளே போனால் எத்தனை பேருக்கு வரும் என்பது வேறு கணக்கு. இவ்வளவும் சரி. ஆனால் இந்த வாதத்தை எடுத்துக்கொண்டு வருகிறவர்கள் அந்த இரண்டாவது கணக்கைப் போட்டுக் காட்டுவதே இல்லை. "அளவு" என்ற சொல்லைச் சொன்னதோடு அளந்துவிட்டதாக நினைத்துக்கொள்கிறார்கள்.

போட்டுத்தான் பார்ப்போமே. பணியிடக் காற்றில் ஒரு கன சென்டிமீட்டருக்கு 0.1 இழை வரை இருக்கலாம் என்று வைத்திருந்த வரம்பை, ஐரோப்பிய ஒன்றியம் 2023-இல் பத்தில் ஒரு பங்காக, 0.01 இழையாகக் குறைத்தது. கேட்கச் சின்ன எண்தான். ஒரு கன மீட்டருக்கு அது பத்தாயிரம் இழை. எட்டு மணி நேர வேலையில் ஒருவர் ஏறத்தாழ பத்து கன மீட்டர் காற்றை இழுக்கிறார். அதாவது, இந்தக் கடுமையான புதிய வரம்பிலேயே ஒரு நாளைக்கு ஒரு லட்சம் இழைகள். இதற்குக் கீழே போனால் ஆபத்தில்லை என்று சொல்லத்தக்க எல்லை எதுவும் கண்டறியப்படவில்லை என்கிறது உலக சுகாதார அமைப்பு. அந்த 0.01-ஐ எண்ணுவதற்குச் சட்டைக் காலரில் மாட்டும் பம்ப் வேண்டும், வடிகட்டித் தாள் வேண்டும், நுண்ணோக்கி வேண்டும், எண்ணத் தெரிந்த ஆள் வேண்டும். ஆரணியிலோ அறந்தாங்கியிலோ மாட்டுக்கொட்டகைக்கு ஷீட் போடும் இடத்தில் இதில் எது இருக்கிறது? அளவைப் பார்த்துத்தான் நஞ்சைத் தீர்மானிக்க வேண்டும் என்றால், அளக்கவே முடியாத இடத்தில் தீர்மானிக்கிறது யார்? விற்கிறவர்தான்.

அதனால்தான் வகைப்பாடு என்ற ஒன்று தேவைப்படுகிறது. பொருள் தன் இயல்பில் என்ன செய்யக்கூடியது என்பதை, அது யார் கைக்குப் போகும் என்று தெரியாத நிலையில், முன்கூட்டியே பெயரிட்டு வைப்பது அது. ஆபத்தை அளக்க வசதியுள்ளவருக்கு வகைப்பாடு ஒரு தொடக்கக் குறிப்பு. வசதியில்லாதவருக்கு அது ஒன்றுதான் பாதுகாப்பு.

இனி, "முறையாகக் கையாண்டால்" என்ற சொற்களுக்கு வருகிறேன். இந்த வாதத்தின் உயிர்நாடியே இதுதான், இதற்குக் கட்டுப்பாட்டுடன் கூடிய பயன்பாடு என்று மரியாதையான பெயரும் வைத்திருக்கிறார்கள். பெரிய ஷீட் தொழிற்சாலைகளில் இன்று மூட்டையை இயந்திரம் பிரிக்கிறது, ஈரமாகவே கலக்குகிறார்கள், தூசு இழுக்கும் குழாய்கள் இருக்கின்றன. ஐம்பது வருடத்துக்கு முந்தைய நிலையோடு ஒப்பிட்டால் முன்னேற்றம்தான், மறுக்கவில்லை. ஆனால் ஷீட் தொழிற்சாலையில் வாழ்வதில்லை. லாரி ஏறி வாசலைத் தாண்டிய கணத்தில் கட்டுப்பாடு முடிந்துபோகிறது. அதன் பிறகு அந்த ஷீட்டுக்கு முப்பது, நாற்பது வருட ஆயுள் இருக்கிறது.

கூரை போடுகிறவரைக் கொஞ்சம் நின்று பாருங்கள். இறவாரத்துக்கு அளவு பார்த்து ஷீட்டைக் கட்டிங் மெஷினில் அறுக்கிறார், அதுவும் காய்ந்த நிலையில். ஒவ்வொரு குழாய்க்கும் நேராக ஓட்டை போட்டு ஜே போல்ட்டை முடுக்குகிறார். மேலே வெயில், கீழே ஏணி, வாயில் சில சமயம் ஒரு துண்டு, பெரும்பாலும் அதுவும் இல்லை. புருவத்தில் வெள்ளையாகத் தூசு படிகிறது. அறுத்த தூளைச் சித்தாள் விளக்குமாற்றால் கூட்டித் தள்ளுகிறார். மாலையில் அதே சட்டையோடு வீட்டுக்குப் போகிறார், அதை மனைவி உதறித் துவைக்கிறார். இந்தக் கடைசி வரியை ஏதோ உருக்கத்துக்காக நான் சேர்க்கவில்லை. லண்டனில் நியூஹவுஸ், தாம்சன் என்ற இருவர் 1965-இல் வெளியிட்ட ஆய்வு, மீசோதீலியோமா வந்தவர்களில் கல்நார் ஆலைக்குள் காலே வைக்காதவர்களும் இருந்ததைக் காட்டியது. சிலர் ஆலைத் தொழிலாளரோடு ஒரே வீட்டில் வாழ்ந்தவர்கள், அவர்கள் வேலை உடுப்பைத் துவைத்தவர்கள். இன்னும் சிலர் ஆலைக்கு அரை மைல் சுற்றளவில் குடியிருந்தவர்கள், அவ்வளவுதான்.

"இழை சிமெண்டுக்குள் பூட்டப்பட்டிருக்கிறது, வெளியே வராது" என்பார்கள். ஷீட்டில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு கல்நார், மீதி சிமெண்டும் சாம்பலும். புது ஷீட் அசையாமல் கிடக்கும்வரை அந்தப் பேச்சு பெருமளவு சரி. ஆனால் வெயிலும் மழையும் வருடக்கணக்கில் சிமெண்டை அரிக்கின்றன. அரித்த இடத்தில் இழை தலைநீட்டுகிறது. கூரையைக் கழுவுகிறோம் என்று கம்பி பிரஷ்ஷால் தேய்க்கிறார்கள். பிறகு புயல் வருகிறது. 2011-இல் தானே, 2016-இல் வர்தா, 2018-இல் கஜா. கஜா அடித்த மறுநாள் நாகப்பட்டினம், தஞ்சாவூர், புதுக்கோட்டைப் பக்கம் போனவர்களுக்கு, தெருவெல்லாம் ஷீட் நொறுங்கிக் கிடந்தது நினைவிருக்கும். அந்தத் துண்டுகளை முகமூடி போட்டு, நனைத்து, பையில் கட்டி, தனிக் குழியில் புதைத்தார்களா? நம் ஊரில் உடைந்த ஷீட் குப்பைக்கே போகாது. கோழிக்கூண்டுக்கு மூடியாகும், குளியலறைக்கு மறைப்பாகும், வாசல் பள்ளத்தை நிரப்ப மிதித்து நொறுக்கப்படும். வறுமையில் பழகிய சிக்கனம் அது, அதைக் குறை சொல்லவில்லை. அந்தச் சிக்கனத்தின் நடுவில் இறக்கிவிட்ட பொருளைத்தான் சொல்கிறேன்.

இந்தக் கட்டுப்பாட்டு வாதம் ஒரு முறை நீதி மேடை ஏறி, தோற்றும் போயிருக்கிறது. பிரான்ஸ் 1997 முதல் கல்நாரைத் தடை செய்தது. அப்போது பெரிய ஏற்றுமதியாளராக இருந்த கனடா, உலக வர்த்தக அமைப்பில் வழக்குப் போட்டது. தடை வேண்டாம், கட்டுப்பாட்டோடு பயன்படுத்தினாலே போதும் என்பது கனடாவின் வாதம். கட்டடத் தொழிலிலும், வீட்டில் தானே வேலை செய்துகொள்கிறவர்களிடமும் அந்தக் கட்டுப்பாடு செல்லுபடியாகும் என்று நிரூபிக்கப்படவில்லை என்று விசாரணைக் குழு சொன்னது. 2001 மார்ச்சில் மேல்முறையீட்டு அமைப்பும் தடை செல்லும் என்று தீர்ப்பளித்தது. வர்த்தகத்துக்குத் தடை எதுவும் கூடாது என்பதற்காகவே உண்டான ஓர் அமைப்பு, தொழில் ஆய்வாளர்களும் நீதிமன்றங்களும் நன்றாக இயங்கும் பிரான்ஸ் நாட்டைப் பற்றிச் சொன்ன தீர்ப்பு இது. பிரான்சில் நடவாத கட்டுப்பாடு பெரம்பலூரில் நடக்கும் என்று நம்பச் சொல்கிறார்கள்.

அந்தக் கனடாவின் கதையும் சுவையானது. தன் நாடாளுமன்றக் கட்டடத்திலிருந்து கல்நாரைப் பெரும் செலவில் அகற்றிக்கொண்டே, ஆசியாவுக்கு அதை ஏற்றுமதி செய்துகொண்டிருந்த நாடு அது. கியூபெக்கில் இருந்த கடைசிச் சுரங்கங்கள் 2010-களின் தொடக்கத்தில் மூடப்பட்டன. 2018-இல் கனடாவே தடை விதித்தது. அந்தக் கனிமத்தின் பெயரையே தன் பெயராக வைத்திருந்த அஸ்பெஸ்டாஸ் என்னும் ஊர், 2020-இல் வாக்கெடுத்துப் பெயரை மாற்றிக்கொண்டது. நமக்குப் பாதுகாப்பானது என்று சொல்லி விற்றவர்களின் ஊர்க்காரர்களே பெயர்ப்பலகையில்கூட அதைத் தாங்க விரும்பவில்லை.

நம் சொந்தச் சட்டப் புத்தகம் என்ன சொல்கிறது? இதுதான் எனக்கு மிகவும் எரிச்சலூட்டும் பகுதி. கல்நார் தோண்டப் புதிய குத்தகை தருவதை இந்தியா 1986-இல் நிறுத்தியது. இருக்கும் குத்தகைகளைப் புதுப்பிப்பதையும் 1993-இல் நிறுத்தியது. காரணம் உடல்நலம். கல்நார்க் கழிவை, அதாவது அதன் தூசையும் நாரையும், வெளிநாட்டிலிருந்து கொண்டுவரத் தடை இருக்கிறது. ஷீட் தொழிற்சாலையில் மிஞ்சும் கல்நார் எச்சம், 2016-ஆம் ஆண்டு அபாயகரக் கழிவு விதிகளின் அட்டவணையில் அபாயகரக் கழிவு. இத்தனையும் இருக்க, அதே நாரை மூட்டையில் கட்டிக் கப்பலில் ஏற்றினால் அது மூலப்பொருள். ரஷ்யா, கஜகஸ்தான், பிரேசில் ஆகிய நாடுகளிலிருந்து ஆண்டுக்கு மூன்று லட்சம் டன்னுக்கும் மேல் வந்த ஆண்டுகள் உண்டு. உலகிலேயே அதிகம் இறக்குமதி செய்யும் நாடு நாம்தான். ஜார்க்கண்டின் ரோரோ மலையில் எண்பதுகளில் கைவிடப்பட்ட கல்நார்ச் சுரங்கத்தின் கழிவுக் குன்று இன்னும் கிராமத்தாருக்கு அச்சுறுத்தலாக நிற்கிறது. தோண்டினால் ஆபத்து, கழிவானால் ஆபத்து, காசு கொடுத்து வாங்கிக் கூரையாக்கினால் மட்டும் ஆபத்தில்லை! ஒரே இழை, மூன்று வகைப்பாடு. இதில் அறிவியல் எங்கே இருக்கிறது?

அபாயகரமான வேதிப்பொருள்களின் சர்வதேச வர்த்தகத்தைப் பற்றிய ரோட்டர்டாம் உடன்படிக்கையில் நடப்பதைப் பலர் சரியாக அறியவில்லை. அதன் மூன்றாம் இணைப்பில் ஒரு பொருளைச் சேர்த்தால் உலகெங்கும் தடையாகிவிடும் என்று ஒரு பயம் கிளப்பப்படுகிறது. அது பொய். சேர்த்தால் நடப்பது இவ்வளவுதான்: ஏற்றுமதி செய்யும் நாடு, இறக்குமதி செய்யும் நாட்டுக்கு அபாயத்தை முன்கூட்டித் தெரிவித்து, அதன் சம்மதத்தைப் பெற வேண்டும். வேண்டுமென்றால் வாங்கலாம், வேண்டாமென்றால் மறுக்கலாம். நீலமும் பழுப்பும் ஏற்கெனவே அந்தப் பட்டியலில் இருக்கின்றன. கிரைசோடைலையும் சேர்க்கலாம் என்று உடன்படிக்கையின் நிபுணர் குழு பரிந்துரைத்து, 2006-இல் முதல் முறை மாநாட்டின் முன் வந்தது. எல்லோரும் ஒப்புக்கொண்டால்தான் சேர்க்க முடியும் என்பது விதி. ஒரு கைப்பிடி நாடுகள் தலையசைக்க மறுத்ததால் 2025 வரை ஒவ்வொரு முறையும் அது தள்ளிப்போனது. தகவல் சொல்வதைக்கூடத் தடுக்க இருபது வருடப் போராட்டம். பாதுகாப்பான பொருளை விற்கிறவர் ஒரு எச்சரிக்கைத் தாளுக்கு இத்தனை பயப்படுவாரா?

2011-இல் ஜெனீவாவில் நடந்த மாநாட்டில் இந்தியா எழுந்து, சேர்ப்பதற்குச் சம்மதம் என்று சொன்னது. அரங்கில் கைதட்டல் எழுந்தது. அன்று குறுக்கே நின்றது கனடா. 2013-இல் கனடா எதிர்ப்பைக் கைவிட்டுவிட்டது, இந்தியாவோ எதிர்ப்பவர் வரிசைக்குப் போய்விட்டது. அந்த இரண்டு வருடத்தில் வெள்ளை இழை திருந்திவிட்டதா?

மறுத்துச் சொல்லும் சிறிய நாட்டுக்கு என்ன ஆகும் என்பதை இலங்கை கண்டது. 2018 ஜனவரி முதல் கல்நார் இறக்குமதியைத் தடை செய்வதாக இலங்கை அறிவித்திருந்தது. அதற்குச் சில வாரங்கள் முன்பு, 2017 டிசம்பரில், இலங்கைத் தேயிலைச் சரக்கு ஒன்றில் கப்ரா வண்டு இருந்ததாகச் சொல்லி ரஷ்யா தேயிலை இறக்குமதியை நிறுத்தியது. ரஷ்யா இலங்கைத் தேயிலையின் மிகப் பெரிய சந்தைகளில் ஒன்று. கொழும்பு பதறியது. மாஸ்கோவுக்குத் தூது போனது. கல்நார்த் தடை ஒத்திவைக்கப்பட்டது. தேயிலைக்குக் கதவு திறந்தது. இரண்டுக்கும் தொடர்பில்லை என்று நம்ப விரும்புகிறவர்கள் நம்பிக்கொள்ளலாம். நுவரெலியாவிலும் அட்டனிலும் கொழுந்து பறிக்கும் மலையகத் தமிழ்ப் பெண்களின் கூலியைப் பணயமாக வைத்து, வெள்ளைக் கல்நார் "பாதுகாப்பான" பொருளாக நீடித்தது என்றே நான் வாசிக்கிறேன். ஒரு வேதிப்பொருளின் வகைப்பாடு எங்கே, எப்படித் தீர்மானமாகிறது என்பதற்கு இதைவிட அப்பட்டமான காட்சி கிடைக்காது.

"சரி, அவ்வளவு ஆபத்து என்றால் இந்தியாவில் நோயாளிகள் எங்கே?" இதைக் கேட்பவர்கள் பலர் நல்லெண்ணத்தோடுதான் கேட்கிறார்கள், ஆகவே பொறுமையாகப் பதில் சொல்ல வேண்டும். கல்நார் நோய் வர இருபது முதல் நாற்பது, ஐம்பது ஆண்டுகள்கூட ஆகும். இருபத்தைந்து வயதில் ஷீட் அறுத்தவருக்கு அறுபதில் மூச்சு முட்டும். அப்போது அவர் எங்கே வேலை பார்த்தார் என்று எந்த மருத்துவர் கேட்கிறார்? இருமலும் நெஞ்சுநீரும் என்றால் முதலில் காசநோய் மருந்து. நுரையீரல் புற்று என்று தெரிந்தால் பீடிக்குப் பழி. ஒப்பந்தத் தொழிலாளி என்றால் வருகைப் பதிவேட்டில் பெயரே கிடையாது. 1995-இல் உச்ச நீதிமன்றம், அகமதாபாத் நுகர்வோர் கல்வி மற்றும் ஆய்வு மையம் தொடுத்த வழக்கில், கல்நார்த் தொழிலாளரின் மருத்துவப் பதிவுகளை நாற்பது ஆண்டுகள் பாதுகாக்க வேண்டும் என்று உத்தரவிட்டது, நோயுற்றவருக்கு ஒரு லட்சம் ரூபாய் இழப்பீடும் நிர்ணயித்தது. நாற்பது ஆண்டு என்று நீதிபதிகள் ஏன் சொன்னார்கள்? நோய் அவ்வளவு காலம் ஒளிந்திருக்கும் என்பதால். அந்தப் பதிவுகளில் கூரை போடும் தொழிலாளி எங்குமே இல்லை, ஏனென்றால் அவர் கல்நார்த் தொழிலாளி என்றே கருதப்படுவதில்லை. எண்ணாமல் இருந்துவிட்டு எண்ணிக்கை இல்லை என்று சொல்வது சான்றல்ல. எண்ணுகிற பிரிட்டனில், எல்லா வகைக் கல்நாரையும் நிறுத்திக் கால் நூற்றாண்டு ஆன பிறகும், மீசோதீலியோமாவால் மட்டும் ஆண்டுக்கு இரண்டாயிரம் பேருக்கு மேல் இறக்கிறார்கள். அவர்கள் பழுப்பையும் நிறையப் பயன்படுத்தியவர்கள், ஆகவே அதே எண்ணை அப்படியே நமக்குப் பெருக்கிப் பார்க்கச் சொல்லமாட்டேன். பூஜ்யம் என்ற விடையை மட்டும் ஏற்கமாட்டேன்.

கடைசியாக வருவது, ஏழையின் கூரை என்ற வாதம். இதற்கு மட்டும் நான் மரியாதை தருகிறேன். கீற்றுக் கூரை ஒவ்வொரு கோடையிலும் எரிந்த குடிசைப் பகுதிகளை அறிந்தவர்களுக்கு ஷீட் என்பது ஒரு விடுதலைதான். 2004 ஜூலை 16-இல் கும்பகோணம் பள்ளியில் 94 குழந்தைகள் தீயில் போன பிறகு, கீற்றின் கீழ் குழந்தைகளை உட்காரவைக்க யாருக்கும் மனம் வராது. ஆனால் கீற்றுக்கும் கல்நாருக்கும் இடையில் ஒன்றுமே இல்லையா? செல்லுலோஸ் இழையும் செயற்கை இழையும் சேர்த்த, கல்நாரே இல்லாத சிமெண்ட் ஷீட் உலகெங்கும் பல நாடுகளில் பல ஆண்டுகளாக ஓடுகிறது, இந்தியாவிலும் தயாராகிறது. பூச்சுப் பூசிய எஃகுத் தகடு இருக்கிறது, ஓடு இருக்கிறது. விலை கொஞ்சம் கூடுதல். அந்தக் கூடுதலை ஏழை கொடுக்க வேண்டியதில்லை. மலிவான ஷீட்டின் மீதித் தொகையை இப்போது யாரோ ஒரு கொத்தனாரின் நுரையீரல் கட்டிக்கொண்டிருக்கிறது, அவரும் ஏழைதான். வசதியானவர்களின் வீட்டுக்கு மேல் இந்த ஷீட் இல்லை என்பதை, ஏழைகளுக்காக வாதாடுகிற தொழில்துறை நண்பர்கள் கவனித்திருப்பார்கள்.

இதற்குள் வீட்டுக்கு மேல் ஷீட் இருக்கிறவர்கள் பயந்துவிட வேண்டாம். உடையாமல், அறுக்காமல், துளைக்காமல் கிடக்கும் கூரையைப் பிடுங்கிப் போடுவதுதான் அதிக ஆபத்து. மாற்றும் நாள் வரும்போது அறுக்காமல் முழு ஷீட்டாகக் கழற்றச் சொல்லுங்கள். முதலில் தண்ணீர் அடித்து நனைக்கச் சொல்லுங்கள். தூளை விளக்குமாற்றால் கூட்டவிடாமல் ஈரத்துணியால் எடுக்கச் சொல்லுங்கள், குழந்தைகளை அன்று வேறு வீட்டில் விடுங்கள். வேலை செய்கிறவருக்குத் தூசு வடிகட்டும் முகமூடி ஒன்று வாங்கிக் கொடுங்கள். துணித் துண்டு அந்த இழையைத் தடுக்காது.

அரசிடம் கேட்க வேண்டியது கடினமானதல்ல. 2011-இல் ஜெனீவாவில் சொன்ன அந்தச் சம்மதத்தை அடுத்த மாநாட்டில் மறுபடியும் சொல்ல வேண்டும். கழிவாக இருக்கும்போது அபாயகரம் என்று சட்டம் ஒப்புக்கொண்ட பொருளை, கூரையாக இருக்கும்போதும் அப்படியே வகைப்படுத்த வேண்டும். இறக்குமதிக்கு ஒரு முடிவு நாள் குறிக்க வேண்டும். அந்த நாள் வரும்வரை, விற்கும் ஒவ்வொரு ஷீட்டின் மீதும், அறுக்கிறவர் வாசிக்கும்படி தமிழில், பெரிய எழுத்தில் அச்சிட வேண்டும்: இந்தத் தூசு புற்றுநோயை உண்டாக்கும்.